மரக்கறியில் நின்ற வகுப்பு

அப்பா இருபத்தொன்பது வருடம் பாரிஸில் இருந்தவர். நான் பாரிஸைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் கொழும்பில், வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்த வகுப்பின் பின்வரிசையில், பத்து வயது நிம்றாவுக்குப் பக்கத்தில், கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தவர் அவர். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்போடு பன்னிரண்டு பிள்ளைகள் எங்கள் ஹோலுக்குள் வந்து இறங்குவார்கள். சிலருக்குக் கனடாவில் மாமா இருக்கிறார். சிலருக்கு அப்படி ஒருவரும் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகத் தாய்மார் அனுப்பிவிடுகிறார்கள். கடற்கரையோரத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது ஒரு நிமிடம் பாடத்தை நிறுத்தவேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் செய்கிற அட்டகாசத்தை அடக்க எனக்குப் பத்து நிமிடம் போகும்.

நான் படித்த வகுப்பு இப்படி இருக்கவில்லை. அது தொண்ணூற்றொன்பது, இரண்டாயிரமாம் ஆண்டுகள். இங்கிருந்து நாலு ஒழுங்கை தள்ளி, ஒரு வீட்டின் கார் நிறுத்துகிற கொட்டிலில் நடந்தது. கார் இல்லாத வீடு, ஆனால் எண்ணெய் மணம் மட்டும் எப்படியோ இருந்தது. ஹியூபேட் மாஸ்டர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். இளவயதில் பிரான்ஸ் நாட்டுப் பாதிரிமாரிடம் பிரெஞ்சு கற்றவர். சேர்ட்டின் மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருப்பார், வியர்வையில் குளித்தாலும் திறக்கமாட்டார். நாங்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் அப்பா பாரிஸில். ஒன்பது பேரும் விசாவுக்குக் காத்திருந்தோம். வேறு எதற்கும் அந்தக் கொட்டிலுக்கு ஒருவரும் வரவில்லை.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு விசா வருகிறதோ அவர் கடைசி நாளன்று பட்டர் கேக் கொண்டுவரவேண்டும். தன் பாடப்புத்தகத்தை, முதல் பக்கத்தில் பெயரெழுதி, அடுத்து இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கேக்கை மாஸ்டரே அடிமட்டம் வைத்து அளந்ததுபோல வெட்டுவார். சாப்பிட்டு முடியும்போது ஒரு கதிரை குறைந்திருக்கும். இன்றைக்கும் யாராவது பட்டர் கேக் நீட்டினால் நான் வாங்கமாட்டேன். ஆனாலும் அந்தக் கொட்டிலை நினைத்தால் மனம் குளிர்கிறது. எல்லாருக்கும் ஒரே கவலை என்றிருந்ததால் அதைப் பற்றி ஒருவரும் கதைக்கத் தேவைப்படவில்லை, விளையாட நேரம் கிடைத்தது. அந்தப் புத்தகம் இப்போதும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் எட்டுப் பெயர். அதை வாங்குவதற்கு எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லாததால் என் பெயரை நான் எழுதவேயில்லை.

மாதத்தில் கடைசி வகுப்பு, கடித வகுப்பு. அப்பாவுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதவேண்டும். மாஸ்டர் பென்சிலால் பிழை திருத்துவார், வீட்டுக்குப் போய் அழகாகத் திரும்ப எழுதித் தபாலில் போடவேண்டும். முதலாவது கடிதம் போனபோது அப்பா தொலைபேசியில் சந்தோஷத்தில் குதித்தார். "பிரெஞ்சிலயே எழுது பிள்ளை. எனக்கு இப்ப தமிழை விட அதுதான் சுகமா ஓடுது," என்றார். காலி வீதியில் ஒரு கொம்யூனிகேஷன் கடை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அங்கே அவருடைய அழைப்பு வரும். அம்மாவும் நானும் ஒன்பதரைக்கே போய் வாங்கில் உட்கார்ந்திருப்போம்.

அம்மாவின் பெயர் அன்னபாக்கியம். பெயரில் இருந்த பாக்கியத்தைத் தவிர வேறொன்றையும் அவர் கண்டதாக எனக்கு நினைவில்லை. நான் தமிழில் அப்பாவுக்கு எழுதுகிற கடிதங்களை அம்மா ஒட்டுவதற்கு முன்னால் வாசிப்பார். எங்காவது ஒரு கவலை வரி இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, "திரும்ப எழுது. அந்த மனிசன் அங்க கோப்பை கழுவுதோ, உன்ர அழுகையைக் கழுவுதோ," என்பார். பிரெஞ்சுக் கடிதத்தை அம்மாவால் வாசிக்க முடியாது. எழுத்து வடிவாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒட்டிவிடுவார்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஒக்டோபரில் என் பதினோராவது கடிதத்தை எழுதினேன். எனக்கும் அப்போது பதினொரு வயதுதான், நவம்பர் பதினாலில் பன்னிரண்டு தொடங்க இருந்தது. அந்தக் கடிதத்தை நான் மறக்கவில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். "அன்பான அப்பா, அம்மா குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறார். உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்பார், அதனால்தான் பிரெஞ்சில் எழுதுகிறேன். எனக்குப் பாரிஸ் வேண்டாம், கேக்கும் வேண்டாம். நவம்பர் பதினாலுக்கு முன் வாருங்கள். வராவிட்டால் இனி எழுதமாட்டேன்."

ஹியூபேட் மாஸ்டர் அதை வாசித்தார். நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு இடத்தில் பென்சிலால் குறி வைத்துவிட்டு, "ரெண்டு பிழைதான் மகள்," என்றார். அன்று யாருக்கோ விசா வந்திருந்தது. தன் பங்குக் கேக் துண்டையும் எடுத்து என் கையில் வைத்தார்.

மூன்று ஞாயிறு கழித்து அப்பா எடுத்தார். ரிசீவரைக் காதோடு அமத்திப் பிடித்திருந்தேன். "கடிதம் கிடைச்சது பிள்ளை. நல்ல கடிதம். கெட்டிக்காரி," என்றார்.

நல்ல கடிதமாம். வாங்கில் இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரிசீவரை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நவம்பர் பதினாலு வந்தது, போனது. சொன்னபடியே நான் பிறகு எழுதவில்லை. அப்பாவின் வதிவிடக் கடதாசிகள் சரிவந்தபோது எனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது, பிள்ளை என்று அங்கே கூப்பிட முடியாதாம். அம்மா என்னை விட்டுப் போகமாட்டேன் என்றார். அப்பா என் கல்யாணத்துக்கு வந்தார், அம்மா செத்த வருடம் வந்தார், போன வருடம் பென்ஷன் எடுத்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். சாப்பாடு போட்டேன், மருந்து வாங்கிக்கொடுத்தேன், பேருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் இருபத்துமூன்று வருடமாக அந்த "நல்ல கடிதம்" என் தொண்டையில் முள்ளாக இருந்தது. வாசித்தும் வராத மனிதன் என்றுதான் அவரை வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை, "நானும் உன்ர வகுப்பில இருக்கட்டோ?" என்று கேட்டார். வழக்கமாக அந்த நேரம் கடலோர மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போய்விடுவார். என் உச்சரிப்பில் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். எனக்கு நல்ல எரிச்சல். "இருங்கோ," என்றேன்.

பிள்ளைகளுக்கு அவர் பாரிஸ்காரர் என்று தெரியும். "அங்கிள், பிரெஞ்சுல பேசுங்களேன்," என்று நிம்றா கேட்டதுதான் தாமதம், எழுந்து நின்று, தான் வேலை செய்த ரெஸ்டோரண்ட் குசினியின் கொதிக்கிற சட்டி கையில் இருப்பதுபோல, "ஷோ, ஷோ, வீத்!" என்று கத்திக்கொண்டு கதிரைகளுக்கு நடுவே ஓடினார். சூடு, சூடு, கெதியாய் என்று அர்த்தம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. உச்சரிப்பும் என்னுடையதை விட நூறு மடங்கு நல்லது. அந்தக் கடுப்பில், பலகையில் இருந்த முதல் வரியைக் காட்டி, "இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ," என்றேன்.

அப்பா பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அது என்ன பெரிய வரி? "என் பெயர் மரீ, எனக்கு ஒன்பது வயது" என்ற வரி.

"பாரிஸ்ல எவ்வளவு காலம் இருந்தீங்க அங்கிள்? பொறகு ஏன் வாசிக்கத் தெரியாது?" என்று நிம்றா கேட்டாள். அவளிடம் கள்ளம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"குசினிக்குள்ள ஒண்டும் எழுதியிருக்காது மகள்," என்றார் அப்பா.

அன்று மிச்சப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் போனதும் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "அப்ப நான் எழுதினதெல்லாம்?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

அப்பா எழுந்து தன் அறைக்குள் போய் ஒரு நீல நிறப் பைலைக் கொண்டுவந்தார். அதற்குள் வதிவிட அட்டைக் கடதாசிகள், சம்பளத் துண்டுகள், கரண்ட் பில்கள் எல்லாம் வருடவாரியாக அடுக்கி இருந்தன. அவற்றோடு சேர்த்து, தனித்தனி உறையில், என் கடிதங்கள் பதினொன்று. பிரெஞ்சில் எழுதிய எல்லாமே அவருக்கு முக்கியமான கடதாசி. பில்களையும் அரசாங்கக் கடிதங்களையும் பாரிஸின் லா சப்பலில் தமிழ்க் கடை வைத்திருந்த ஒருவரிடம் சனிக்கிழமை கொண்டுபோய் வாசிப்பித்துக்கொள்வாராம்.

"என்ர கடிதங்களையும் அவரிட்டக் காட்டியிருக்கலாமே?"

"நீ எனக்கு எழுதினதை இன்னொருத்தன் வாசிக்கிறதோ?" என்றார். உறைகளை நேராக அடுக்கியபடி, "கொம்மாவுக்கு, நான் பிரெஞ்சு தண்ணிமாதிரிக் கதைப்பன் எண்டு சொல்லி வச்சிட்டன். கதைக்கிறதும் பொய்யில்லை. எழுத்துத்தான். படிப்பம் படிப்பம் எண்டு வேலையோட போட்டுது," என்றார்.

பிறகு கடைசி உறையை மெல்லத் தடவி, நான் பயந்திருந்த கேள்வியைக் கேட்டார். "இதுக்குப் பிறகு நீ ஏன் நிப்பாட்டினனீ? படிப்புக் கூடிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

"ஓம், படிப்பு," என்றேன்.

"இப்ப எனக்கு நேரம் கிடக்கு. ஒவ்வொண்டா வாசிக்கப்போறன். கடைசியைத்தான் முதல் வாசிக்கோணும். அதில எழுத்து நல்ல வடிவு."

"தாங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன்." கையை நீட்டினேன். அந்த நேரத்தில் அதைப் பறித்துக் கிழித்திருப்பேன்.

"எழுதினவளே வாசிக்கிறதோ? விடு," என்று பைலை மூடினார். போனின் கமராவைக் காட்டினால் அது ஒரு நொடியில் தமிழில் சொல்லும். அதை நிம்றா பிறகு ஒரு நாள் அவருக்குச் சொன்னாளாம். "அதுவும் இன்னொருத்தன் வாசிக்கிற மாதிரித்தானே," என்றாராம்.

இத்தனை வருடம் நான் தூக்கி வைத்திருந்த கோபம் ஒரு பின்னேரத்தில் கையை விட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் பயம் வந்தது. அம்மா போய் நாலு வருடம். அவர் பைப்பைத் திறந்துவிட்டு அழுதார் என்று இந்த எழுபது வயதில் அப்பா தெரிந்துகொண்டு என்ன செய்வார்? யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பார்? ஒரு சின்னப் பிள்ளை வராவிட்டால் எழுதமாட்டேன் என்றதும், தான் அதற்கு நல்ல கடிதம் என்று சொன்னதும் அவருக்குத் தெரியக்கூடாது. எப்படியாவது தடுக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

தடுத்த விதம் எனக்கே இப்போது வெட்கமாயிருக்கிறது. வகுப்பை மரக்கறியில் நிறுத்தினேன். கரட், கோவா, தக்காளி, பூசணி. ஒரு கிழமையில் முடிகிற பாடம். அதை நாலு கிழமை இழுத்தேன். மரக்கறிப் படம் கீறவைத்தேன், மரக்கறிக்கு நிறம் தீட்டவைத்தேன், மரக்கறிக் கடை நாடகம் போடவைத்தேன். ஒரு கடிதத்தை வாசிக்கத் தேவையான எந்தச் சொல்லும் என் ஹோலுக்குள் வராமல் பார்த்துக்கொண்டேன். அப்பா பூசணிக்காய்க்கு மஞ்சள் பூசினார்.

நிம்றாவின் தாய் றுஷ்னா போன் எடுத்தார். "டீச்சர், புள்ள ஒரு மாசமா கரட்லயே நிக்கிறா. வீட்ல சமைக்கவும் விடுறா இல்ல, எல்லாத்துக்கும் பேர் செல்றா. மத்த பாடம் எப்ப தொடங்குற?"

"அடித்தளம் பலமா இருக்கோணும்," என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். என் கணவர் ஜனாவோ, இரவுச் சாப்பாட்டில் கரட்டைக் கண்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

இதற்குள் என் அலுமாரியிலிருந்து அந்தப் பழைய பாடப்புத்தகம் காணாமல் போயிருந்தது. தேடினேன். அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. மரைன் டிரைவ் வாங்கில் காலையில் உட்கார்ந்து, சொல் சொல்லாகப் படித்திருக்கிறார். எட்டுப் பிள்ளைகள் பாரிஸ் போவதற்கு முன் படித்த புத்தகத்தை, பாரிஸிலிருந்து வந்தவர் படித்துக்கொண்டிருந்தார். பிடுங்கலாமா என்று நினைத்தேன். மனம் வரவில்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை, கத்தரிக்காய் நடந்துகொண்டிருக்கும்போது, நிம்றா கையை உயர்த்தினாள்.

"டீச்சர், ரொபினே எண்டா என்ன? அங்கிள் கேக்குறாரு. புத்தகத்துல இல்லயாம்."

ரயில் ஒன்று போனது. வழக்கமான அட்டகாசம் நடந்தது. நான் வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றேன். அந்தச் சொல் கடிதத்தின் முதலாவது வரியில் இருக்கிறது. குளியலறை வரைக்கும் அவர் தானாகவே வந்துவிட்டார். தெரியாது என்று சொல்லலாம். வேறு ஏதாவது அர்த்தம் சொல்லலாம், அவர் நம்புவார், நான் டீச்சர். அப்பா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார், சீவல் முழுவதையும் கொப்பியின் மட்டையில் பத்திரமாகச் சேர்த்தபடி. இந்த மனிதனிடம் இருபத்துமூன்று வருடமாக ஒரு சொல்லும் கேட்காமலேயே கோபித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவரே ஒரு சொல்லைக் கேட்கிறார். அதையும் கொடுக்காமல் விட எனக்கு என்ன உரிமை?

"பைப்," என்றேன். "தண்ணிப் பைப்."

அப்பா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பலகையில் இருந்த கத்தரிக்காயை அழித்தேன். "வெள்ளிக்கிழமை கடிதம் எழுதுற பாடம். எல்லாரும் யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வரவேணும்," என்றேன். மரக்கறி முடிந்ததில் பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து, கொப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினேன். நிம்றா தன் பூனைக்கு எழுதியிருந்தாள். பூனைக்குக் கரட் பிடிக்காது என்ற செய்தி எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஐந்தாவதாக அப்பாவின் கொப்பி. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழித்து அழித்து எழுதிய கறையோடு இருந்தது.

"அன்பான சாம்பவி, உன் ஒக்டோபர் மாதக் கடிதம் கிடைத்தது. நேற்றுத்தான் வாசித்து முடித்தேன். கடதாசி இல்லாமல் அன்றைக்கு வந்திருப்பேனா, எனக்குத் தெரியாது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல கடிதம் என்று சொல்லியிருக்கமாட்டேன். உன் அப்பா, நவரத்தினம்."

பென்சிலை எடுத்தேன். இரண்டு பிழைதான். இரண்டுக்கும் குறி வைத்தேன். மூன்றாவது தடவை வாசிக்கும்போது எழுத்துகள் கலங்கிவிட்டன.

அப்பா ஹோலில் ஜன்னல் பக்கம் இருந்தார். அவர் முன்னால் அழ எனக்கு மனமில்லை. எழும்பி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பைப்பைத் திறந்தேன். அம்மாவுக்காக அழுதேன், அந்தக் கொம்யூனிகேஷன் கடை வாசலில் நின்ற பிள்ளைக்காக அழுதேன், பில்களோடு சேர்த்து என்னையும் பத்திரமாக வைத்திருந்த அந்த மனிதனுக்காகவும் அழுதேன்.

கதவில் மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பைப்பை மூடு பிள்ளை," என்றார் அப்பா. "நான் வாசிச்சிட்டன்."

பைப்பை மூடிவிட்டுக் கதவைத் திறந்தேன்.